மறுபரப்பு நிலையங்களின் மின்செலவு

புயலோ வெள்ளமோ நிலநடுக்கமோ ஒரு வட்டாரத்தைத் தாக்கும்பொழுது முதலில் அறுபடுவது மின்சாரமே. அதனைத் தொடர்ந்து தொலைபேசி நிலையங்களும் கைப்பேசிக் கோபுரங்களும், தம் சேமிப்பு மின்சாரம் தீர்ந்தவுடன், ஒவ்வொன்றாக வாயடைக்கின்றன. அத்தகைய வேளைகளில் செய்தி கொண்டு செல்லும் பணியை இந்தியாவில் பலமுறை ஏற்று நடத்தியவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள் ஆவர். 2001 ஜனவரி 26 அன்று கட்சுப் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுதும், 2004 டிசம்பர் 26 அன்று அந்தமான் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கியபொழுதும் அவர்களுடைய நிலையங்கள் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்தது. நெடுந்தொலைவுக்குச் சிற்றலைகள் பயன்படும். ஒரு மாவட்டத்திற்குள், முகாமுக்கும் மருத்துவமனைக்கும் ஆட்சியர் அலுவலகத்திற்கும் இடையே பேசுவதற்கு மலையுச்சிகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் நிறுவப்பட்ட மறுபரப்பு நிலையங்களே ஏற்றவை.

இந்நிலையங்கள் உதவ வேண்டுமாயின் அவை உயிரோடிருத்தல் வேண்டும். ஒரு நிலையம் எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும் என்பதை முடிவு செய்வது அதன் மின்செலவு. அச்செலவு எங்கே நிகழ்கிறது, எவ்வாறு கணக்கிடுவது, எவ்வாறு குறைப்பது என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மறுபரப்பு நிலையம் என்பது யாது?

கையில் ஏந்திப் பேசும் சிறு வானொலிக் கருவியின் திறன் பொதுவாக 5 வாட் அளவினது. சமதரையில் நின்று பேசுவோரின் அலைகள் வீடுகளாலும் மரங்களாலும் மேடுகளாலும் தடுக்கப்பட்டுச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே மெலிந்துவிடும். உயரமான ஓரிடத்தில் ஏற்பி ஒன்றை வைத்து, அது கேட்டதை அக்கணமே வேறோர் அதிர்வெண்ணில் திரும்பப் பரப்பினால், மலையின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் கேட்க இயலும். இப்பணியைச் செய்வதே ரிப்பீட்டர் என்று வழங்கப்படும் மறுபரப்பு நிலையம்.

இந்தியாவில் இந்நிலையங்கள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசையில் இயங்குகின்றன. கேட்கும் அதிர்வெண்ணுக்கும் பரப்பும் அதிர்வெண்ணுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு இருக்கும். நிலையத்தின் உறுப்புக்கள் ஐந்து: ஏற்பி, பரப்பி, இவ்விரண்டையும் இணைத்து ஆளும் கட்டுப்பாட்டுச் சாதனம், ஒரே ஏரியலை இரண்டும் பகிர்ந்துகொள்ள உதவும் டூப்ளெக்ஸர், இவை அனைத்திற்கும் மின்சாரம் ஊட்டும் மின்வழங்கி.

திறனும் ஆற்றலும்

கணக்கில் புகுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். மாணவர்கள் மட்டுமன்றிப் பணியாளர் சிலரும் இவ்விடத்தில் மயங்குவதுண்டு. வாட் என்பது திறனின் அலகு. மின்சாரம் எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதை அது கூறும். வாட்-மணி என்பது ஆற்றலின் அலகு. மொத்தம் எவ்வளவு செலவாயிற்று என்பதை அது கூறும். குழாயிலிருந்து நீர் விழும் வேகத்தைத் திறனுக்கும், தொட்டியிலிருந்து குறைந்த நீரின் அளவை ஆற்றலுக்கும் ஒப்பிடலாம். விரைவாகச் சிறிது நேரம் ஓடும் பெருங்குழாயைக் காட்டிலும், இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருக்கும் சிறு கசிவு தொட்டியை முன்னதாகவே வற்றச் செய்துவிடக் கூடும். மறுபரப்பு நிலையத்தின் மின்செலவைப் பற்றி அறிய வேண்டிய முதல் உண்மை இதுவே.

நிலையத்தைப் பற்றி வினவினால், "எங்கள் நிலையம் 25 வாட்" என்றே பொறுப்பாளர்கள் விடை கூறுவர். அது பரப்பி வெளியிடும் அலையின் திறன். அதனைக் கொண்டு மட்டும் நிலையத்தின் மின்செலவை அறிய இயலாது. 25 வாட் அலையை வெளியிட அப்பரப்பி 60 முதல் 75 வாட் வரை மின்சாரம் உட்கொள்ளும், எஞ்சியது வெப்பமாகிவிடும். மேலும், பரப்பி நாளில் ஓரிரு மணி நேரமே இயங்குகிறது. ஏற்பியும் கட்டுப்பாட்டுச் சாதனமுமோ ஒரு நொடியும் ஓய்வதில்லை. எவரேனும் பேசுவாரா என்று 24 மணி நேரமும் செவிசாய்த்திருப்பதே அவற்றின் வேலை.

ஒரு நாளின் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு நிலையத்தைக் கொள்வோம். அது 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகிறது. பேச்சு இல்லாதபொழுது 0.5 ஆம்பியர் மின்னோட்டம் கொள்கிறது. பரப்பி 25 வாட் அலையை வெளியிடும்பொழுது இதற்கு மேலும் 5.5 ஆம்பியர் கொள்கிறது. நாளொன்றுக்குப் பரப்பி இயங்கும் நேரம் 2 மணி என்க.

காத்திருப்புத் திறன்: 12 × 0.5 = 6 வாட்.
நாளொன்றின் காத்திருப்புச் செலவு: 6 × 24 = 144 வாட்-மணி.
பரப்பியின் கூடுதல் திறன்: 12 × 5.5 = 66 வாட்.
நாளொன்றின் பரப்புச் செலவு: 66 × 2 = 132 வாட்-மணி.
மொத்தம்: 276 வாட்-மணி.

பரப்பி உட்கொள்ளும் திறன் காத்திருப்புத் திறனைப் போல் பதினொரு மடங்கு. எனினும் நாட்கணக்கில் காத்திருப்பின் பங்கே பெரிது. மௌனமாக இருக்கும் நிலையமே தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் உண்டுவிடுகிறது.

இதுவரை கண்டது 12 வோல்ட் பக்கத்துச் செலவு. பொது மின்சாரத்திலிருந்து இதனைப் பெறும் மின்வழங்கியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கனத்த மின்மாற்றியைக் கொண்ட பழைய நேரியல் வகை மின்வழங்கி, சுமை மிகக் குறைவாக உள்ளபோதும் 15 வாட் அளவு வெப்பமாக இழக்கக் கூடும். பரப்பி இயங்குகையில் மேலும் 45 வாட் இழக்கும் எனக் கொண்டால், கணக்கு வருமாறு:

மின்வழங்கியின் நிலையான இழப்பு: 15 × 24 = 360 வாட்-மணி.
பரப்புகையில் கூடுதல் இழப்பு: 45 × 2 = 90 வாட்-மணி.
நிலையத்தின் செலவு: 276 வாட்-மணி.
மொத்தம்: 726 வாட்-மணி.

ஆண்டொன்றுக்கு இது ஏறத்தாழ 265 யூனிட். இதில் அலையாக வெளிவந்தது 25 × 2 = 50 வாட்-மணி மட்டுமே; அதாவது நூற்றுக்கு ஏழு பங்கு. தனிப்பெருஞ் செலவாளி மின்வழங்கியே என்பது இதனால் புலனாகும்.

ஸ்விட்சிங் வகை என்று கூறப்படும் புது முறை மின்வழங்கியில் நிலையான இழப்பு 3 வாட்டும், பரப்புகையில் கூடுதல் இழப்பு 12 வாட்டும் எனக் கொண்டால், மொத்தச் செலவு 276 + 72 + 24 = 372 வாட்-மணியாகக் குறையும். ஏறத்தாழ பாதி மிச்சம். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவ்வகை மின்வழங்கிகளுள் தரங்குறைந்தவை வானொலி இரைச்சலை உண்டாக்கி ஏற்பியின் செவித்திறனைக் கெடுத்துவிடும். உலோகப் பெட்டியால் நன்கு மூடப்பட்டதும் இரைச்சல் வடிகட்டிகள் உடையதுமான மின்வழங்கியையே தேர்தல் வேண்டும்.

புதிய செலவாளி ஒன்றும் அண்மைக் காலத்தில் சேர்ந்துள்ளது. சில நிலையங்கள் இணையத்தின் வழியாகப் பிற ஊர்களின் நிலையங்களோடு இணைக்கப்படுகின்றன. இதற்கென ஒரு சிறு கணினியும் ஒரு மோடமும் இரவும் பகலும் இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து 12 வாட் கொண்டால் நாளொன்றுக்கு 288 வாட்-மணி செலவாகும். மேலே கண்ட நிலையத்தின் முழுச் செலவினும் இது மிகுதி. பேரிடரில் இணையமே அறுந்துபோயிருக்கும். அப்பொழுதும் இக்கணினி பாட்டரியை உண்டுகொண்டே இருக்கும். பொது மின்சாரம் நின்றவுடன் இதனைத் தானாகத் துண்டிக்கும் ரிலே ஒன்றை அமைப்பது இன்றியமையாதது.

பேரிடர் நாளின் கணக்கு

பேரிடர் நாளிலோ நிலைமை தலைகீழாகிறது. பொது மின்சாரம் இல்லை. பாட்டரி ஒன்றே துணை. செய்திகளோ ஓய்வின்றி வருகின்றன. பரப்பி 12 மணி நேரம் இயங்குவதாகக் கொள்க.

காத்திருப்புச் செலவு: 144 வாட்-மணி.
பரப்புச் செலவு: 66 × 12 = 792 வாட்-மணி.
மொத்தம்: 936 வாட்-மணி.

நிலையத்தில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி காரீய-அமில பாட்டரி ஒன்று உள்ளது. அதன் மொத்தக் கொள்ளளவு 1,200 வாட்-மணி. காரீய-அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே 600 வாட்-மணியையே பயன்படும் அளவாகக் கொள்ளுதல் முறை. அமைதியான நாட்களின் கணக்கின்படி இந்தப் பாட்டரி 52 மணி நேரம் நிலையத்தைத் தாங்கும். பேரிடர் நாளின் கணக்கின்படி 15 மணி நேரத்திற்கே போதும். "இரண்டு நாள் தாங்கும்" என்று ஏட்டில் எழுதிவைக்கப்பட்ட நிலையம், முதல் இரவு விடியுமுன்னரே ஊமையாகிவிடும்.

எனவே ஒவ்வொரு நிலையத்திற்கும் இரு கணக்குகள் வேண்டும். அமைதி நாட்களில் செலவை ஆள்வது காத்திருப்பு. பேரிடர் நாட்களில் ஆள்வது பரப்பி. ஒன்றை மட்டும் கணக்கிட்டு மற்றொன்றை மறப்பது தவறான முடிவுக்கு வழிகோலும்.

பரப்புச் செலவைக் குறைக்கும் வழிகள்

இந்நிலையங்களில் வழங்குவது அதிர்வெண் பண்பேற்ற முறை. இம்முறையில் ஊர்தி அலையின் திறன் மாறுவதில்லை. பேசுபவர் உரக்கப் பேசினாலும் மெல்லப் பேசினாலும், பேசாது பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தாலும், பரப்பி முழுத் திறனிலேயே இயங்கும். ஆகவே அலை வெளிப்படும் நேரத்தைக் குறைப்பதும், அலையின் திறனைக் குறைப்பதும் ஆகிய இரண்டு வழிகளே உண்டு.

நேரத்தை வீணாக்குவனவற்றுள் முதலாவது "வால்" எனப்படுவது. ஒருவர் பேசி முடித்த பின்னரும் பரப்பி உடனே அணையாமல் சில நொடிகள் இயங்கிக்கொண்டிருக்கும்படி அமைப்பது வழக்கம். பதில் உடனே வருமாயின் இவ்வால் பெரிதும் வீணாகாது. தனித்தனியான குறுஞ்செய்திகள் வரும்பொழுதோ ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் வால் முழுவதும் வீணாகிறது. 20 நொடிச் செய்திக்கு 5 நொடி வால் என்றால் அலை நேரத்தில் ஐந்திலொரு பங்கு மௌனத்திற்கே செலவாகிறது. வாலை ஒரு நொடியாகக் குறைத்தால் 25 நொடி 21 நொடியாகும். 12 மணி நேரம் ஏறத்தாழ 10 மணி நேரமாகச் சுருங்கும்.

இரண்டாவது, பொய்த் தூண்டுதல். அருகிலுள்ள பிற பரப்பிகளின் குறுக்கீடும் மின்சாதனங்களின் இரைச்சலும் ஏற்பியை ஏமாற்றி, எவரும் பேசாதபொழுதும் பரப்பியை இயக்கிவிடும். இரவெல்லாம் இவ்வாறு துடித்துக்கொண்டிருந்த நிலையம் காலையில் வற்றிய பாட்டரியோடு காணப்படும். காதுக்குப் புலனாகாத அளவிலுள்ள தாழ்ந்த தொனி ஒன்று அலையோடு சேர்ந்து வந்தாலன்றிப் பரப்பியை இயக்குவதில்லை என்று கட்டுப்பாட்டுச் சாதனத்தை அமைத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் ஒழியும். நிலையம் தன் பெயரை மோர்ஸ் குறிகளால் அவ்வப்போது அறிவிப்பதும் செலவுதான்; ஆயினும் அது சில நொடிகளே ஆதலாலும், நிலையம் உயிரோடிருப்பதை அது அறிவிப்பதாலும், அதனைக் குறைக்க முயல வேண்டியதில்லை.

எவ்வளவு திறன் போதும்?

இரண்டு மீட்டர் அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வன. அவை எட்டும் தொலைவைப் பெரிதும் முடிவு செய்வது ஏரியலின் உயரமே. h மீட்டர் உயரத்திலுள்ள ஏரியலிலிருந்து வானொலி அடிவானம் வரையுள்ள தொலைவு, கிலோமீட்டரில், 4.12 × √h ஆகும். சுற்றுப்புறச் சமவெளியினும் 900 மீட்டர் உயர்ந்த மலையில் அமைந்த நிலையத்திற்கு √900 = 30; ஆகவே 4.12 × 30 = 124 கிலோமீட்டர். பரப்பியின் திறனை இரட்டித்தாலும் மலை உயர்ந்துவிடாது.

அத்தொலைவுக்குள் 10 வாட் அலை எவ்வளவு வலிமையோடு சென்றடையும் எனக் காண்போம். தடையற்ற வெளியில் 145 மெகாஹெர்ட்ஸ் அலை 100 கிலோமீட்டர் செல்வதில் ஏறத்தாழ 116 டெசிபெல் மெலிகிறது. ஏரியல்களின் ஆதாயம் எதனையும் கொள்ளாது கணக்கிட்டாலும், ஏற்பியின் வாயிலில் 35 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையாத மின்னழுத்தம் தோன்றும். நல்ல ஏற்பிக்குத் தேவைப்படுவது சுமார் கால் மைக்ரோவோல்ட். கட்டடங்கள், மரங்கள், கைக்கருவியின் குட்டை ஏரியல் ஆகியவற்றால் நேரும் இழப்புக்குப் போதிய இடம் இதில் உண்டு. 10 வாட்டை 25 வாட்டாக உயர்த்துவதால் கிட்டும் நன்மை 4 டெசிபெல் மட்டுமே.

மற்றொன்றும் கருதத்தக்கது. நிலையத்தோடு பேசுபவர் கையில் இருப்பது 5 வாட் கருவி. நிலையத்தின் அலை நெடுந்தொலைவு சென்று, அங்கிருந்து அவர் அலை திரும்பி வரவில்லையென்றால் பயன் யாது? கேட்கும் திறனை மிஞ்சிய பரப்புத் திறனுடைய நிலையத்தை அமெச்சூர் வானொலியாளர்கள் "முதலை" என்று நகையாடுவர். வாய் பெரிது, காது சிறிது என்பது பொருள். வாயைச் சற்றுச் சுருக்கினால் எவருக்கும் நட்டமில்லை. பாட்டரிக்கு மட்டும் லாபம்.

பரப்பியைப் பெருக்குவதற்கு முன் கேபிளைச் சோதித்தல் வேண்டும். டூப்ளெக்ஸரில் 1.5 டெசிபெல் இழப்பு எனில், 25 வாட் அலை ஏறத்தாழ 18 வாட்டாகக் குறைந்து கேபிளை அடையும். 30 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கோஆக்ஸியல் கேபிள் இந்த அலைவரிசையில் சுமார் 6 டெசிபெல் விழுங்கும். ஏரியலை அடைவது 4.5 வாட்டே. அரை அங்குலப் பருமனுள்ள தரமான கேபிளில் இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. ஏரியலை 14 வாட் அடையும். 10 வாட் பரப்பியும் பருத்த கேபிளும் சேர்ந்தால், 25 வாட் பரப்பியும் மெல்லிய கேபிளும் தருவதைக் காட்டிலும் மிகுதியான அலை வெளிப்படும். அன்றியும், கேபிளில் மிஞ்சியது ஏற்பிக்கும் மிஞ்சும். வரும் அலையும் அதே வழியாகத்தானே வர வேண்டும்.

சீர்திருத்தத்தின் பயன்

அதே 100 ஆம்பியர்-மணி பாட்டரியை வைத்துக்கொண்டு, பேரிடர் நாளில் நிலையத்தின் ஆயுள் எவ்வாறு நீள்கிறது என்பதைப் படிப்படியாகக் காணலாம்.

1. மாற்றம் ஏதுமின்றி: 936 வாட்-மணி, 15 மணி நேரம்.

2. பரப்பியின் அலைத் திறன் 25 வாட்டிலிருந்து 10 வாட்டாகக் குறைக்கப்படுகிறது. கூடுதல் மின்னோட்டம் 5.5 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியராகக் குறைவதாகக் கொள்க. (அலைத் திறன் குறைந்த அதே விகிதத்தில் மின்னோட்டம் குறைவதில்லை என்பதை நோக்குக.) செலவு 144 + 432 = 576 வாட்-மணி; 25 மணி நேரம்.

3. வாலும் ஒரு நொடியாகக் குறைக்கப்படுகிறது. செலவு 507 வாட்-மணி. 28 மணி நேரம்.

4. காத்திருப்பு மின்னோட்டமும் 0.5 ஆம்பியரிலிருந்து 0.25 ஆம்பியராகக் குறைக்கப்படுகிறது. செலவு 435 வாட்-மணி. 33 மணி நேரம்.

பாட்டரிக்கென ஒரு காசும் கூடுதலாகச் செலவிடாமல் நிலையத்தின் ஆயுள் இரு மடங்கினும் மிகுந்துவிட்டது. முதல் நிலையம் ஓர் இரவைத் தாங்காது. கடைசி நிலையம் ஓர் இரவையும் மறுநாட் பகலையும் கடந்து நிற்கும். உதவிக்குழு புதிய பாட்டரியோடு மலையேறி வருவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படும்.

காத்திருப்பைக் குறைப்பதில் அரிய நுட்பம் ஒன்றுமில்லை. எப்பொழுதும் சுழலும் விசிறியை, வெப்பம் மிகுந்தால் மட்டும் சுழலும்படி அமைக்கலாம், 0.2 ஆம்பியர் விசிறி நாளொன்றுக்கு 58 வாட்-மணி உண்ணும். தேவையற்ற அடையாள விளக்குகளையும், ஆளில்லா அறையில் ஒலிக்கும் ஒலிபெருக்கியையும் நீக்கலாம். பழைய கட்டுப்பாட்டுச் சாதனத்திற்குப் பதிலாகச் சிற்றாற்றல் கொள்ளும் புதியதை அமைக்கலாம். ஏற்பியை விட்டுவிட்டு உறங்கச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் அது விழித்தெழுமுன் பேசப்பட்ட முதற்சொல் இழக்கப்படலாம். இடத்தின் பெயரோ எண்ணிக்கையோ முதற்சொல்லாக அமையும் பேரிடர்ச் செய்திகளுக்கு அது ஏற்றதன்று.

சூரிய ஒளித் தகடு

மலையுச்சியில் மின்கம்பி இல்லாத இடங்களில் சூரிய ஒளித் தகடே துணை. 100 வாட் தகடு ஒன்று, முழு வெயிலுக்கு ஈடான 4.5 மணி நேரம் கிட்டும் நாளில், இழப்புகள் போக நூற்றுக்கு 70 பங்கு பயன் தருமாயின், 100 × 4.5 × 0.7 = 315 வாட்-மணி அளிக்கும். அமைதி நாளின் 276 வாட்-மணிக்கு இது போதும். எனினும் புயலும் மேகமும் உடன்வருவன. மேகம் மூடிய நாளில் தகட்டின் பயன் கால் பங்காகக் குறைந்தால் 79 வாட்-மணியே கிட்டும். காத்திருப்புக்கு மட்டும் 144 வாட்-மணி கொள்ளும் நிலையம் அன்று பாட்டரியைத் தின்னத் தொடங்கும். காத்திருப்பை 72 வாட்-மணியாகக் குறைத்துக்கொண்ட நிலையமோ அன்றும் தன் காத்திருப்பைத் தகட்டினாலேயே தாங்கும். பாட்டரி முழுவதும் பேச்சுக்கே எஞ்சும்.

பாட்டரியின் முதன்மைக்கு விண்வெளியிலும் ஒரு சான்று உண்டு. 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவுகலத்தால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட ஹாம்சாட், அமெச்சூர் வானொலிக்கென இந்தியா அனுப்பிய துணைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திரும்பப் பரப்பிய அது, வானில் அமைந்த மறுபரப்பு நிலையம் எனத்தகும். ஒரு வாட் அளவேயான அலைத் திறனைக் கொண்டு கண்டங்களுக்கிடையே பேச்சை இணைத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அதன் வாழ்வு 2014 ஜூலையில் முடிந்ததற்குக் காரணம் பாட்டரி பழுதுற்றதே.

அளந்தறியும் முறை

மேலே கொண்ட எண்கள் எடுத்துக்காட்டுகளே. ஒவ்வொரு நிலையத்தின் எண்களையும் அந்தந்த இடத்திலேயே அளந்தறிதல் வேண்டும். பொறுப்பாளர்கள் பின்வருவனவற்றைக் குறித்துவைப்பார்களாக.

முதலாவது, பாட்டரிக்கும் நிலையத்திற்கும் இடையே ஆம்பியர்மானியை இணைத்துக் காத்திருப்பு மின்னோட்டத்தையும் பரப்பு மின்னோட்டத்தையும் தனித்தனியே அளத்தல். ஒரு நாளில் இருமுறை அளத்தல் நன்று.

இரண்டாவது, பரப்பி இயங்கும் நேரத்தைக் கணித்தல். ஒரு நாள் மட்டும் கணித்தல் போதாது. வாரத்தின் எல்லா நாட்களிலும் பேச்சு ஒரே அளவினதாக இராது. ஏழு நாட்கள் கணித்துச் சராசரி காண்க.

மூன்றாவது, பொது மின்சாரப் பக்கத்தை அளத்தல். தற்கால மின்னணு மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டுவதைக் காணலாம். யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என மீட்டரில் எழுதப்பட்டிருந்தால், இரு சிமிட்டல்களுக்கு இடையேயான நொடிகளால் 1,125-ஐ வகுத்தால் வாட் கிடைக்கும். 54 நொடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 1,125 ÷ 54 = 21 வாட்; நேரியல் மின்வழங்கியோடு காத்திருக்கும் நம் எடுத்துக்காட்டு நிலையத்தின் அளவு இதுவே. அப்பொழுது அந்த மீட்டரைச் சேர்ந்த பிற சாதனங்கள் யாவும் நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

நான்காவது, ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாக மழைக்காலத்திற்கு முன், பொது மின்சாரத்தைத் துண்டித்துப் பாட்டரியில் மட்டும் நிலையத்தை இயக்கிப் பார்த்தல். பாட்டரி பழையதாகுந்தோறும் அதன் கொள்ளளவு குறையும்; மலைக்குளிரிலும் குறையும். உறையில் அச்சிட்ட எண்ணை நம்புதல் கூடாது. சுமை நீக்கிச் சில மணி நேரம் ஓய்ந்த காரீய-அமில பாட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டினால் நிறைந்தது, 12.2 வோல்ட் காட்டினால் ஏறத்தாழப் பாதி தீர்ந்தது.

வகுப்பறைக்கு

மின்சாரத்தின் திறனையும் ஆற்றலையும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இக்கணக்குகள் பயன்படும். வானொலி நிலையம் இல்லாத பள்ளியிலும் மீட்டரின் சிமிட்டலை எண்ணி, தொலைக்காட்சிப் பெட்டியோ கணினியோ "நிறுத்தி"வைக்கப்பட்ட நிலையில் எவ்வளவு மின்சாரம் கொள்கிறது என்பதை மாணவர்களே அளந்தறியலாம். கீழ்க்காணும் வினாக்களையும் அவர்களுக்குக் கொடுக்கலாம்.

1. ஒரு நிலையத்தின் காத்திருப்புத் திறன் 8 வாட்; பரப்புகையில் கூடுதல் 50 வாட்; நாளொன்றுக்குப் பரப்பும் நேரம் 3 மணி. ஒரு நாட் செலவு யாது? (விடை: 342 வாட்-மணி.)

2. அந்நிலையத்தில் காத்திருப்பின் செலவும் பரப்பின் செலவும் சமமாவது நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் பரப்பினால்? (விடை: 3.84 மணி, அதாவது 3 மணி 50 நிமிடம்.)

3. தரையினும் 400 மீட்டர் உயர்ந்த குன்றில் உள்ள ஏரியலின் வானொலி அடிவானத் தொலைவு யாது? (விடை: 82 கிலோமீட்டர்.)

இரண்டாம் வினாவில் கண்ட நேரத்திற்கு ஓர் தனிச் சிறப்பு உண்டு. அந்த எல்லைக்குக் கீழே பேச்சு நிகழும் நிலையத்தில் காத்திருப்பையும், எல்லைக்கு மேலே பேச்சு நிகழும் நிலையத்தில் பரப்பியையும் முதலில் சீர்திருத்துதல் வேண்டும். தத்தம் நிலையத்திற்கு இந்த எல்லையைக் கணித்து, காத்திருப்புத் திறன், பரப்புத் திறன், பேரிடர் நாளில் பாட்டரி தாங்கும் மணிநேரம் ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி, நிலையத்தின் கதவில் ஒட்டிவைப்பது நல்ல வழக்கமாகும். இருளில் மலையேறி வரும் பணியாளர் முதலில் தேடுவது அந்தக் கடைசி எண்ணையே.